ஏழு தாடைகள்

கடையிலிருந்து,
ஐந்தாம் தேதி.

அன்புள்ள மருமகளுக்கு,

நான் உனக்கு அனுப்பிய பன்னிரண்டு கிழ ஆட்டு மூளைகளில் ஏழு, கிழ ஆட்டினுடையவை அல்ல. அவை இரண்டு, இரண்டரை வயதுப் பெட்டை ஆடுகளின் மூளைகள். எட்டு வயது என்று சீட்டு எழுதியவன் நான். வயதுக்குச் சாட்சியாகப் பையில் போட்டு அனுப்பிய தாடைகள் வேறு ஆடுகளுடையவை. மாற்றிப் போட்டவனும் நான்தான். இதை முதலிலேயே எழுதிவிட்டேன். சுற்றி வளைத்து எழுதினால் நாலாவது பக்கத்தில் நான் எனக்கே நல்லவனாகத் தெரிய ஆரம்பித்துவிடுவேன். முப்பது வருஷமாகச் சரக்கை விற்ற வாய், என்னையும் விற்றுவிடும்.

நானும் உன் அத்தையும் சுகம். அவளுக்கு நேற்றுதான் சொன்னேன். தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டு, “இத்தனை நாளா சாப்பாடு இறங்குச்சா உங்களுக்கு?” என்று கேட்டாள். இறங்கியது என்பதுதான் உண்மை.

போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் என்றால் நீ மூச்சு விடும் இடத்தில் நான் புகுந்துவிடுவேன். உன் குரல் மாறினால் நானும் பேச்சை மாற்றுவேன். காகிதத்தில் அந்த வசதி இல்லை.

முதலில் அவசரமான விஷயம். இந்த மூளைகளை வைத்து நீ எழுதிய கட்டுரையில் இருபதாம் தேதிக்குள் கடைசிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லியிருந்தாய். போடாதே. பேராசிரியரிடம் இன்றே சொல்லிவிடு. நீ மூடியில் ஒட்டிக் கொடுத்த எண்கள்படி தவறான ஜாடிகள் இவை: 3, 4, 6, 7, 9, 10, 12. மீதி ஐந்தும் சத்தியமாகக் கிழ ஆடுகள். என் சத்தியத்துக்கு இன்று என்ன மதிப்பு என்று நீ கேட்கலாம். அதனால் அந்த ஐந்தையும் யாரிடம் வாங்கினேன் என்று பின்பக்கத்தில் போன் நம்பரோடு எழுதியிருக்கிறேன். நீயே கேட்டுக்கொள்.

இனி, எப்படி நடந்தது என்பது.

நீ கல்யாணமாகி வந்த புதிதில், ஆட்டு மூளையைப் பார்ப்பதற்கு ஒரு பட்டமா என்று நான் கேட்டது உனக்கு நினைவிருக்கும். நீ கோபப்படவில்லை. கடையின் பின் அறைக்கு வந்து, கறி வெட்டும் மேசையில் பிளாஸ்டிக் விரித்து, மூளையின் மேல்தோல் மாதிரி இருக்கும் பகுதியைக் காட்டி எனக்குப் பாடம் எடுத்தாய். அங்கே சில நரம்பு செல்கள் ஆடு பிறப்பதற்கு முன்பே உண்டாகிவிடுகின்றன, ஆனால் ஆடு வளர்ந்த பிறகும் அவை வளராமல் அப்படியே இருக்கின்றன என்றாய். “புதுசாப் பிறந்ததில்ல மாமா. பழசுதான். ஆனா இன்னும் பக்குவம் ஆகல. வேலையிலயும் சேரல.” நான், “நம்ம பையன் மாதிரின்னு சொல்லு” என்றேன். நீ சிரித்த சிரிப்பில் முகமூடி கழன்று மேசையில் விழுந்தது. அப்புறம் உன் புருஷனுக்குப் போன் போட்டு அதையும் சொன்னாய்.

எலிக்கு அந்த செல்கள் கொஞ்சம்தான், ஆட்டுக்கு நிறைய, அதனால்தான் ஆட்டைத் தேடி வந்தேன் என்று சொன்னாய். தேவை வரும்போது அவை முழு செல்லாக வளர்ந்து மற்றவற்றோடு சேர்ந்துகொள்ளலாம், வளர்ந்த மூளையும் தன் கட்டமைப்பைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள அது ஒரு வழியாக இருக்கலாம் என்றாய். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ‘லாம்’ போட்டாய். ஏனம்மா இத்தனை ‘லாம்’ என்று கேட்டதற்கு, “இன்னும் நிரூபிக்கல மாமா. நிரூபிக்காம ‘கும்’ போட முடியாது” என்றாய். நான் என் கடையில் ஒரு நாளைக்கு நூறு ‘கும்’ போடுகிறவன். அப்போது அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

குட்டிகளின் மூளையும், நடு வயது ஆடுகளின் மூளையும் நீ கூடவே இருந்து எடுத்தவை. அவற்றில் பழுதில்லை. மூன்றாவது தடவை, கிழ ஆடு எடுக்க வேண்டிய சமயத்தில், உனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அதற்குள் கடையில் ஆடு அறுக்கும் நம் கத்திக்காரர் மண்டையைத் திறந்து மூளையைச் சிதையாமல் எடுக்கப் பழகியிருந்தார். அறுத்த ஒரு மணி நேரத்துக்குள், கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட வேண்டும் என்பதும் எங்களுக்கு மனப்பாடம். நீ போனில் உன் பேராசிரியரைக் காட்டினாய். “எங்க மாமா ஆட்டு வாயைத் திறந்தா அது பிறந்த மாசத்தையே சொல்லிடுவார் சார்” என்றாய். அவர் உன் மூலமாகக் கேட்டார், எட்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு பெட்டை ஆடு கிடைக்குமா என்று. நான், “பன்னிரண்டா? எத்தனை வண்டி வேணும்னு கேளு” என்றேன்.

யோசிக்காமல் சொன்ன சொல். ஆட்டை எட்டு வருஷம் யாரும் வைத்திருப்பதில்லை. ஐந்தாறு வயதில் பல் தேய்ந்து மேய்ச்சல் குறைந்ததும் விற்றுத் தள்ளிவிடுவார்கள். எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் ‘இல்லை’ என்று சொல்லி ஒரு வாடிக்கையாளரை நான் திருப்பி அனுப்பியதே இல்லை. சைக்கிளில் தோல் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போன நாளிலிருந்து அப்படித்தான். அதுவும் படித்தவர்கள் முன்னால், மருமகள் என்னைப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருக்கும்போது, எப்படிச் சொல்வது? ஏழு வாரம் அலைந்தேன். ஐந்து ஆடு கிடைத்தது.

தாடை விஷயம் இப்படி. ஒவ்வொரு மூளையோடும் அந்த ஆட்டின் கீழ்த்தாடையைத் தனிப் பையில் எண் போட்டு அனுப்ப வேண்டும், பல்லைப் பார்த்து நீ வயதைச் சரிபார்ப்பாய். தாடையை வேக வைத்துச் சதை நீக்கித்தான் பையில் போடுவோம். வெந்த எலும்பில் நேற்று அறுத்தது எது, போன வருஷம் அறுத்தது எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆற்றங்கரைக்குப் பின்னால் எலும்பு வாங்கும் கிடங்கில் தாடைகள் மலையாகக் கிடக்கும். ஒரு சாக்கு வாங்கி வந்து, பல் அகன்று, தேய்ந்து, ஒன்றிரண்டு உடைந்துபோன ஏழு தாடைகளைப் பொறுக்கினேன். பொறுக்கும்போது வேலையை ரசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். எந்த வியாபாரியும் இதைவிட நல்ல கிழட்டுத் தாடை காட்டியிருக்க முடியாது.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம் ஒன்று இருந்தது. எங்கள் தொழிலில் ஏமாற்று ஒரே திசையில்தான் நடக்கும். கிழட்டு ஆட்டை இளசு என்று விற்பார்கள். நான் இளசைக் கிழடு என்று கொடுக்கிறேன். கறிக் கணக்கில் பார்த்தால் எனக்குத்தான் நஷ்டம், உனக்கு உயர்ந்த சரக்கு. மருமகளுக்குக் கொஞ்சம் நல்லதாகவே போகட்டும் என்று நினைத்தேன். கத்திக்காரர்கூட, “கேட்டதைவிட நல்லதாத்தான முதலாளி குடுக்கறோம்” என்றார். நாங்கள் இருவரும் அன்று நிம்மதியாக டீ குடித்தோம். உனக்கு வேண்டியது மூளை இல்லை, வயது என்பது எங்கள் இரண்டு மரமண்டைக்கும் ஏறவில்லை. எனக்கு ஏறியிருக்கலாம். ஏறவிடவில்லை.

அதற்குப் பிறகு நீ எட்டு மாதம் எண்ணினாய். சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டில் வைத்து, ஒவ்வொரு செல்லாக. நடுவில் உன் மூக்குக்கண்ணாடியின் பவர் கூடிவிட்டது என்று உன் புருஷன் சொன்னான். ஒரு காலையில் போன் செய்தாய். மகிழ்ச்சியில் உனக்குப் பேச்சுத் திக்கியது. பன்னிரண்டு கிழ ஆடுகளில் ஐந்தில் அந்த செல்கள் எதிர்பார்த்தபடியே மிகவும் குறைந்துவிட்டன, ஏழில் இரண்டு வயது ஆட்டில் இருக்கிற அளவுக்கு அப்படியே இருக்கின்றன என்றாய். நம்ப முடியாமல் மறுபடி சாயம் ஏற்றினாயாம். ஜாடி எண்ணை மறைத்து வேறொருவரையும் எண்ண வைத்தாயாம். அதே ஏழு. “முதுமை எல்லா மூளைக்கும் ஒரே மாதிரி வரல மாமா. சிலது தப்பிச்சிருக்கு.”

அம்மாடி, அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். கட்டுரை இல்லை, எதுவும் எழுதப்படவில்லை. நீ அழுதிருப்பாய், முடிந்திருக்கும். நான், “அப்படியா” என்றேன். அடுத்து நீ கேட்டாய், அந்த ஏழு ஆடும் ஒரே பட்டியிலிருந்து வந்தவையா, அவற்றுக்கு ஏதாவது விசேஷம் உண்டா என்று. நான் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. ஆமாம், ஏழும் ஒரே ஆளுடையவை, அவர் ஆட்டை ஒரே இடத்தில் மேய்க்க மாட்டார், தினம் ஒரு புது இடம், புதுப் பாதை என்றேன். ஏன் அதைச் சொன்னேன்? நீ கேட்ட தொனியில் உனக்கு என்ன பதில் பிடிக்கும் என்று தெரிந்தது. வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துச் சரக்கைப் பற்றிப் பேசுவது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. போனில் முகம்கூடத் தேவைப்படவில்லை.

அப்படி ஒரு மேய்ப்பரே கிடையாது.

நீ அதைக் கட்டுரையில் எழுதினாய். புதுப் புது இடங்களில் அலைவதுதான் அந்த செல்களைக் காப்பாற்றுகிறதோ என்று மூன்று வருஷ ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு விண்ணப்பமும் போட்டாய். அதை வைத்துத்தான் உன் வேலையை நிரந்தரமாக்குவார்கள் என்று உன் புருஷன் சொன்னான். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், வயதைக் கணித்து உதவியவர் என்று எனக்கு நன்றி போட்டிருந்ததை படமெடுத்து அனுப்பினாய். அதை அச்செடுத்துக் கடைச் சுவரில் ஒட்டினேன். கத்திக்காரர் அதைப் பார்த்துவிட்டு, கேலியாக இல்லை, உண்மையாகவே, “தாடை மாத்தினதையும் போட்டிருக்காங்களா முதலாளி?” என்று கேட்டார். கடையில் நாலு பேர் இருந்தார்கள். நான் தராசைத் துடைக்க ஆரம்பித்தேன்.

போன வாரம் நீ எழுதினாய், அடுத்த மாதம் வருகிறேன், அந்த மேய்ப்பரைப் பார்க்க வேண்டும் என்று.

இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அப்போதுகூட உண்மையைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. மேய்ப்பருக்கு ஆள் தேடினேன். நம் வண்டி ஓட்டுகிறவர், எல்லோரும் ‘மெதுவு’ என்று கூப்பிடுவோமே, அவரைப் பிடித்தேன். முகம் வெயிலில் அடிபட்டு, பார்த்தால் மேய்ப்பர் மாதிரியே இருப்பார். நிஜ மேய்ப்பரால் வர முடியாது என்று சொல்லி, இரண்டு நாள் பின் அறையில் உட்கார வைத்து, எத்தனை ஆடு, எந்தப் பாதை, எத்தனை வருஷம் என்று சொல்லிக் கொடுத்தேன். ஒழுங்காகத்தான் படித்தார். இரண்டாவது நாள் முடிவில், “இதை வச்சு அந்தம்மா என்ன செய்யப் போறாங்க முதலாளி?” என்று கேட்டார். நீ எனக்குச் சொன்னதையே நான் அவருக்குச் சொன்னேன். வயதானாலும் மூளை எப்படி இளசாக இருக்க முடியும் என்று பார்க்கப் போகிறார்கள், பின்னால் மனிதர்களுக்கும் உதவலாம் என்று. நான் ‘லாம்’ போட்டேன்.

அவருடைய அம்மாவுக்கு இப்போது அவரை அடையாளம் தெரிவதில்லையாம். வாடகை கேட்க வந்தவன் என்று நினைத்துச் சுருக்குப் பையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கிறார்களாம். இவர் வாசலில் நின்று, “அடுத்த மாசம் குடுங்கம்மா, பரவால்ல” என்று சொன்னால்தான் உள்ளே விடுவார்களாம். இதைச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்: “அவ்வளவு பெரிய விஷயம்னா அந்த நிஜ ஆளையே கூப்பிட்டுடுங்களேன் முதலாளி. நான் எதையாவது தப்பாச் சொல்லி, அது கெட்டுப் போச்சுன்னா?”

நாளைக்கு வண்டி வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அந்த அறையில் அவர் உட்கார்ந்த ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் இருந்தேன். வெட்கம் என்று நான் இதுவரை நினைத்ததெல்லாம் வெட்கம் இல்லை. சந்தையில் ஒருவன் என் காலரைப் பிடித்திருக்கிறான். அதெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டு மறுநாள் கடை திறந்திருக்கிறேன். இது அப்படிப் போகாது.

மன்னிப்பு என்று நான் கேட்கவில்லை. உன் எட்டு மாதத்துக்கும் கண்ணுக்கும் நான் என்ன கொடுக்க முடியும்? கேட்பது ஒன்றுதான். இருபதாம் தேதிக்கு முன்னால் இந்தக் கடிதத்தை உன் பேராசிரியரிடம் காட்டு. தப்பு என்னுடையது என்று என் கைப்பட இருக்கிறது, அது உன்னைக் காக்கட்டும். வேறு எதற்கும் இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் பெயர் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் கணவனின் தகப்பன்.


கடையிலிருந்து,
முப்பதாம் தேதி.

மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பன்னிரண்டு வரி. ‘அன்புள்ள மாமா’ என்று தொடங்கவில்லை, ‘வணக்கம்’ என்று இருந்தது. சரிதான். உன் அத்தை அதை வாங்கிப் படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தாள்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றதும், நிதி விண்ணப்பத்தை வாபஸ் வாங்கியதும், வேலை நிரந்தரம் ஒரு வருஷம் தள்ளிப்போனதும் தெரிந்துகொண்டேன். பேராசிரியர் உன்னை நம்பினார் என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன். உன் புருஷன் போன் செய்தான். “அப்பா, அவ எட்டு மாசம் எண்ணினாப்பா” என்றான். நான் ஆமாம் என்றேன். வைத்துவிட்டான். அவன் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உனக்கு ஆன நஷ்டத்தை நான் ஈடுகட்டுகிறேன் என்று உன் அத்தை மூலம் சொல்லி அனுப்பியது தப்பு. எல்லாவற்றையும் ஒரு தொகையாக்கிப் பார்ப்பது எனக்கு ஊறிப்போன புத்தி. பணம் வேண்டாம், ஆடு வேண்டும் என்று நீ எழுதினாய். கிழ ஆட்டில் அந்த செல்கள் குறைகின்றனவா என்பதைச் சொல்ல ஐந்து போதாது, பன்னிரண்டு வேண்டும், குறைகிறது என்றுதான் வந்தாலும் அதையே எழுதுவேன் என்றாய். அது யாரும் எதிர்பார்க்கிற முடிவுதான், அதற்காக யாரும் உன்னைக் கூப்பிட்டுப் பாராட்டப் போவதில்லை என்று எனக்குக்கூடத் தெரிகிறது. நீ செய்கிறாய்.

இத்தனைக்கும் பிறகு என் கடையிலேயே ஏன் வாங்குகிறாய் என்று எனக்குப் புரியவில்லை. உன் அத்தையிடம் கேட்டேன். “ஒரு மணி நேரத்துல ஜாடிக்குள்ள போடுற கடை வேற இல்லையாம். அவ்வளவுதான், வேற எதையும் நினைச்சுக்காதீங்க” என்றாள். நான் வேறு எதையும் நினைத்துக்கொள்ளவில்லை.

ஆடு தேட ஆரம்பித்துவிட்டேன். இப்போது தரகர் யாரையும் அனுப்பாமல் நானே பட்டி பட்டியாகப் போகிறேன். மெதுவுதான் வண்டி ஓட்டுகிறார். அவரிடம் முழுக்கதையையும் சொன்னேன். “என்னைச் சொல்ல வைக்காம விட்டீங்களே, அதுவரைக்கும் நல்லது” என்றார். அதற்குப் பிறகு வழியில் டீக்கடையில் நிறுத்தவில்லை. இதுவரை கிடைத்தது மூன்று. நாலாவது ஒன்றைப் பார்த்தேன், ஏழு வயதுக்கு மேல் இருக்காது என்று பல் சொன்னது, விட்டுவிட்டு வந்தேன். இந்த மாதம் மூன்றுதான், மேற்கொண்டு இல்லை.

பேராசிரியருக்கு நீ கேட்டபடி தனியாக ஒரு வாக்குமூலம் எழுதி, கையெழுத்துப் போட்டு, இதோடு வைத்திருக்கிறேன். கத்திக்காரர் பெயரை அதில் சேர்க்கவில்லை. அவர் நான் சொன்னதைச் செய்தவர். இனி எழுதப்போகும் கட்டுரையின் நன்றியிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். எடுக்க வேண்டியதுதான். கடைச் சுவரில் ஒட்டியிருந்த அந்தப் படத்தையும் கழற்றிவிட்டேன். சுவரில் பசை போகவில்லை.

பேரம் பேச எனக்கு இதில் ஒன்றுமில்லை. நீ சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். கண்ணைப் பார்த்துக்கொள். நடுவில் எழுந்து தூரத்தில் எதையாவது பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து எண்ணு. நேரத்துக்குச் சாப்பிடு. நீ எடுத்த காரியம் முடியட்டும்.

இப்படிக்கு,
ஆட்டு வியாபாரி.

ஒப்புக்கொண்டபடி: எட்டு வயதுக்கு மேற்பட்ட பெட்டை ஆடு, ஏழு. தலை முழுசாக, தாடை கழற்றாமல். வாயைத் திறந்து வயது பார்ப்பது நீ அனுப்பும் ஆள். அதுவரை நான் அறைக்கு வெளியே. விலை அன்றைய சந்தை விலை, வீட்டு மனுஷி என்று ஒரு காசும் குறைக்காமல், ரசீதோடு.